நட்டுவின் வயிறும் படிக்கட்டு அக்காவின் வேலையும்

அந்தக் கட்டடத்தில் முப்பத்திரண்டு வீடுகள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்த வளைவில் துரு ஏறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். தரைத்தளத்தின் கடைசி வீட்டில் இருக்கும் அவரைக் கட்டடம் முழுக்கக் குழாயம்மா என்றே கூப்பிடும்.

பதினேழு வயதில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவர். செங்கல் சுமந்தார், மணல் சலித்தார், பிறகு குழாய் சுமந்தார். சுமந்த குழாயைப் பொருத்துகிறவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே பார்த்தார். பார்த்தது கைக்கு வந்துவிட்டது. ஆள் வராத ஒரு நாளில் ஒரு தளத்துக் குழாய்கள் மொத்தத்தையும் தானே பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, சொட்டுக் கசியாமல் நின்றதை எல்லோருக்கும் காட்டினார். அன்றைக்கும் மேஸ்திரி அவர் கையில் வைத்தது சித்தாள் கூலிதான். அந்தக் கோபம் இருபத்தைந்து வருடமாக ஆறவில்லை; ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

புது வீட்டுக்கு வேலைக்குப் போனால், கதவைத் திறக்கிறவர் இன்றைக்கும் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

"பிளம்பர் வரலையாம்மா?"

"வந்துட்டாரு. உங்க முன்னாடிதான் நிக்கிறாரு. கொஞ்சம் வழி விடுங்க."

உள்ளே போனதும் பையை இறக்கமாட்டார். முதலில் இரண்டு கேள்விகள். "எப்பலேருந்து சொட்டுது? அதுக்கு முன்னாடி வீட்டுல புதுசா என்ன செஞ்சீங்க?" பதிலைக் கேட்டுக்கொண்டு, நீளமான திருப்புளியின் முனையைச் சுவரில் வைத்து, கைப்பிடியில் காதை வைப்பார். பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவார். எதை மூடினால் சொட்டு நிற்கிறதோ, கோளாறு அந்த லைனில். சுவரை அங்கே இங்கே உடைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது.

அவர், பஸ் ஓட்டும் அவருடைய கணவர், நட்டு. இவ்வளவுதான் குடும்பம். நட்டு என்பது நாய். பழைய நட்டு, போல்ட் போட்டுவைத்த அட்டைப்பெட்டிக்குள் குட்டியாக ஏறிப் படுத்து, எவ்வளவு கெஞ்சியும் இறங்க மறுத்ததால் அந்தப் பெயர். ஐந்து வயதுவரை நட்டுவுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கல்லைப் போட்டாலும் கரைத்துவிடும்.

பிறகு ஒருநாள் தொடங்கியது. முதலில் இளகலாக, அப்புறம் தண்ணீராக. நடுநடுவே வாந்தி. இரண்டு நாள் தேறும், மூன்றாம் நாள் மறுபடியும் சுருண்டு படுக்கும். மினுமினுத்த முதுகு மயிர் மங்கி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆயிற்று. அவசரம் தாங்காமல் படிக்கட்டிலேயே இரண்டு முறை போய்விட்டது. இரண்டாம் முறை போன இடம், கட்டடச் சங்கச் செயலாளரின் வாசல்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெண், "கண்ணு பட்டிருக்கும். கறுப்புக் கயிறு கட்டுங்க" என்றார்.

"கண்ணு பட்டா வயித்தால போகும்னா எனக்குத்தான் மொதல்ல போயிருக்கணும். பொம்பள பிளம்பரைப் பாக்காத கண்ணா?" என்றார் குழாயம்மா.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே அவரும் காரணம் தெரியாமல் ஒருத்தர்மேல் பழி போட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கட்டடத்தின் நான்கு தளங்களையும் பெருக்கித் துடைக்கிறவரைப் படிக்கட்டு அக்கா என்பார்கள். காலை ஆறு மணிக்கு வாளியும் துடைப்பமுமாக வந்துவிடுவார். நட்டு அசிங்கம் செய்த இரண்டு தடவையும் முகம் சுளிக்காமல் கழுவிவிட்டவர் அவர்தான். ஒருநாள் காலையில் நட்டு கக்கிய வாந்தியில் ரொட்டித் துண்டு ஒன்று தெரிந்தது. வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் இருந்த குழாயம்மா, பக்கத்தில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் திரும்பினார்.

"அக்கா, நீங்க இதுக்கு ஏதாவது போடுறீங்களா?"

"ஒரு துண்டு ரொட்டி போட்டேன்மா. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

"எங்கேருந்து எடுத்த ரொட்டி? குப்பையிலேருந்தா?"

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "நான் தின்ன ரொட்டிம்மா."

இந்தக் கடைசி வரி செயலாளர் காதில் விழவில்லை. மாடிப்படியில் நின்றிருந்த அவருக்கு அதற்கு முந்தியது போதுமானதாக இருந்தது. அன்று மாலை வாட்ச்மேன் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்: நாளையிலிருந்து வர வேண்டாம். குழாயம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. மனசு உறுத்தியது. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டார்.

சந்தேகம் தண்ணீரைப் போல. யாரும் தள்ளாமலே பள்ளம் பார்த்துப் போகும். அந்தக் கட்டடத்தில் நட்டுவுக்குத் தின்னக் கொடுத்த கைகள் இருபதாவது இருக்கும். வேலை போனது ஒரே ஒரு கைக்கு. அந்த ஒருத்தர்தான் கேட்டவுடன் உண்மையைச் சொன்னவர்.

அதற்கப்புறமும் நட்டு தேறவில்லை; பன்னிரண்டாம் நாள் மறுபடியும் சுருண்டது. இந்தத் தடவை முன்பைவிட மோசம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த குழாயம்மா சட்டென்று கையை எடுத்தார்.

"என்னம்மா?" என்றார் கணவர்.

"வால்வை மூடி பன்னெண்டு நாள் ஆச்சு. இன்னும் சொட்டுது."

"எந்த வால்வு?"

"படிக்கட்டு அக்காவைத்தான் நிறுத்தியாச்சே. அப்போ கோளாறு அந்த லைன்ல இல்லைங்க."

யார் வீட்டிலாவது வேறொரு பிளம்பர் தப்பான சுவரை உடைத்துவிட்டுப் போயிருந்தால் அவர் என்னவெல்லாம் திட்டுவார் என்பது கணவருக்குத் தெரியும். அதனால் எழுந்து நட்டுவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மறுநாள் காலையில் குழாயம்மா இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போனார். ஒரே அறை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

"வாங்க. குப்பை ரொட்டி வேணுமா? இன்னிக்கு இல்ல."

"தப்புப் பண்ணிட்டேன்கா."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"உங்க வேலையைத் திரும்ப வாங்கித் தரேன்."

"எப்படி? செயலாளர்கிட்ட போயி, அந்தப் பொம்பள நல்லவன்னு சொல்வீங்களா?" அக்கா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "நான் நல்லவளா கெட்டவளான்னு யாரும் கேக்க வேணாம். நாய் வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு கண்டுபிடிச்சுக் காட்டுங்க. கக்கூஸ் தொட்டி கசியுதான்னு கலர் போட்டுப் பாப்பீங்களே, ரெண்டாவது மாடியில. தரையில வந்த கலரைத் துடைச்சவ நான்தான். அந்த மாதிரி இதுக்கும் போட்டுப் பாருங்க. என்னைக் கேட்டிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேன்."

இருபத்தைந்து வருடம் தொழில் செய்தவருக்குத் தோன்றாதது, அவர் சிந்தியதைத் துடைத்தவருக்குத் தோன்றியிருக்கிறது.

குழாயம்மா அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, நட்டுவைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"எப்பலேருந்து இப்படி இருக்கு? அதுக்கு முன்னாடி புதுசா என்ன மாத்தினீங்க?"

தன்னுடைய கேள்வி அடுத்தவர் வாயிலிருந்து வந்ததும் குழாயம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு மாசமா இருக்குங்க. புதுசா ஒண்ணும் இல்லை" என்றார். வீடுவீடாகக் கேட்கும்போது எல்லோரும் சொல்லும் பதிலும் இதுதான்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், முதுகுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மலத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சோதித்தார். புழு இல்லை. காய்ச்சல் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, குழாயம்மா பார்த்த பார்வையைப் பார்த்து அவரிடமே நீட்டினார்.

குழாயம்மா கண்ணை மூடிக் கேட்டார். "மோட்டார்ல காத்து புடிச்ச மாதிரி இருக்குங்க."

"அதேதான். உள்ள ஏதோ ஒண்ணு போயி கொடலைக் கெளப்பி விடுது. என்னன்னு இப்ப சொல்ல முடியாது. மருந்து மேல மருந்து குடுக்க வேணாம். இருபத்தொரு நாள் ஒரே சாப்பாடு. வேக வச்ச சோறு, தோலில்லாத கோழி. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கூடாது. மூணு வேளையா பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. பால் சுத்தமா வேணாம். தண்ணி நிறைய. வேற யார் கையிலேருந்தும் ஒரு பருக்கை போகக் கூடாது. தினமும் எப்படிப் போகுதுன்னு எழுதி வைங்க."

"எல்லா வால்வையும் மூடச் சொல்றீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். கலர் விஷயத்தையும் குழாயம்மா கேட்டார்.

"நீங்க தொட்டியில போடுற கலர் விஷம், வேணாம். குழந்தைங்க வரையிற மெழுகு கிரேயான் இருக்கில்ல, வாயில வச்சாலும் கெடுதல் இல்லைன்னு அட்டையில போட்டிருக்கிறதா பாத்து வாங்குங்க. சந்தேகமான சாப்பாட்டுல ஒரு சிட்டிகை துருவிப் போட்டா, செரிக்காம அப்படியே வெளிய வந்துடும். யாரு சொன்னா இந்த யோசனை?"

"எங்க அக்கா" என்றார் குழாயம்மா.

வால்வு மூடும் வேலை தொடங்கியது. முதல் வால்வு வீட்டுக்குள்ளேயே இருந்தது. டியூட்டி முடிந்து வந்ததும் நட்டுவுக்குத் தினமும் அரை டம்ளர் பால் ஊற்றிக்கொண்டிருந்ததைக் கணவர் ஒத்துக்கொண்டார். "இளைச்சுப் போச்சேன்னு..." என்று இழுத்தார். இளைத்ததற்கு அந்தப் பாலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விளக்கிய பிறகு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிப் பெரியவர் தினமும் நாலு கிரீம் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்.

"கெஞ்சுதேம்மா, எப்படிப் போடாம இருக்கிறது?"

"கெஞ்சினா தலையைத் தடவிக் குடுங்க ஐயா. தலை வழியா வயித்துக்கு ஒண்ணும் போகாது."

முதலாம் மாடியில் மீன் தலை, எதிர்வீட்டில் இனிப்பு, தன் டிபன் பாக்ஸில் மிச்சமாகும் குழம்புச் சோறு. ஒவ்வொன்றாக மூடினார். சமையலறைக் காலண்டரின் கட்டங்களில் எழுதிக்கொண்டே வந்தார். திங்கள் நன்று. செவ்வாய் நன்று. புதன் நன்று. வியாழன் மோசம். வெள்ளி மோசம். சனி பரவாயில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சின்னச் சின்னக் கசிவுகள் நின்றதும் பெரிய கசிவு ஒன்று தனியாக வந்து நின்றது.

கணவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாரத்துல ஒரு தடவை மட்டும் கசியுற குழாய் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. வாரத்துல ஒரு தடவை யாராவது அதைத் திறந்தா."

சொன்னவர் வியாழனுக்கு முந்தின கட்டத்தில் விரலை வைத்தார். புதன்கிழமை அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

நாலு மாதத்துக்கு முன்னால் நகரின் பூங்காக்களில் இருக்கும் கைப்பம்புகளைப் பழுது பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ஆண்கள் ஐந்து பேர் கேட்டிருந்த வேலை. அதனால் அவருக்கு ஏகப் பெருமை. வியாழன்தோறும் நாலு பம்பு. அந்தப் பழைய பம்புகளுக்குள் கிண்ணம் போலத் தோலில் செய்த வாஷர் ஒன்று இருக்கும். புதுத் தோல் விறைப்பாக இருக்கும் என்பதால் ஒருநாள் முன்னதாக எண்ணெயில் ஊறப்போட வேண்டும். எந்த எண்ணெய் நல்லது என்று சாமான் கடைக்காரரைக் கேட்டு அதையே வாங்கி வந்தார். புதன் காலையில் ஒரு தகர டப்பாவில் ஊற்றி, வாஷர்களைப் போட்டு, பின்கட்டில் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நட்டு படுப்பதும் அதே பின்கட்டில்தான். மாலையில் வந்து பார்த்தால் எண்ணெய் பாதியாகக் குறைந்திருக்கும். "தோலு எப்படிக் குடிக்குது பாத்தீங்களா" என்று கணவரிடம் காட்டியும் இருக்கிறார்.

தோல் எண்ணெய் குடிக்கும் என்பது குழாய் வேலை தெரிந்தவருக்குத்தான் தெரியும். வேறு யாராவது அந்த டப்பாவைப் பார்த்திருந்தால், எண்ணெய் எங்கே போயிற்று என்று முதல் வாரமே கேட்டிருப்பார்கள். டாக்டர் கேட்டபோதும் அவருக்கு இது ஞாபகத்துக்கு வரவில்லை. வேலை வேறு, வீடு வேறு என்று நினைத்திருந்தார்.

"என்ன எண்ணெய் அது?" என்றார் கணவர்.

"விளக்கெண்ணெய்."

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடப் பாவமே. வாரம் தவறாம நாய்க்குப் பேதிக்குக் குடுத்துட்டு, டாக்டர்கிட்ட போயி ஏன் பேதியாகுதுன்னு கேட்டிருக்கோம்."

குழாயம்மா சிரிக்கவில்லை.

"சரி விடும்மா. டப்பாவை எட்டாத உயரத்துல வச்சிட்டாப் போச்சு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம். அந்த அக்காவை எப்படியாவது..."

"எப்படியாவது இல்லைங்க. முறையாத்தான். இன்னும் இது என் ஊகம்தான். ஒரு ஊகத்தை வச்சு அவங்க வேலையைப் பறிச்சேன். இன்னொரு ஊகத்தை வச்சுத் திருப்பிக் கேக்க மாட்டேன்."

டாக்டருக்குப் போன் செய்தார். ஒரே ஒரு தடவை, இரண்டு ஸ்பூனுக்குமேல் வேண்டாம், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள் என்றார் டாக்டர். அடுத்த புதன்கிழமை டப்பாவில் இரண்டே ஸ்பூன் எண்ணெய், நாலு வாஷர், ஒரு சிட்டிகை நீலக் கிரேயான் துருவல். வேலைக்குப் போகாமல் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நட்டு வந்தது. தோல் வாசனையை மோந்தது. வாஷரை மூக்கால் ஒதுக்கிவிட்டு, டப்பாவைத் துடைத்து வைத்தாற்போல் நக்கியது. "மன்னிச்சுக்கடா" என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னார்.

வியாழன் காலையில் வந்தது நீலமாக இருந்தது. நீலப் புள்ளிகள், யாருக்கும் சந்தேகம் வராத நீலம். அதைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, இறுக்கி மூடி, தேதி எழுதி ஒட்டினார். டப்பாவை மூடி போட்டுப் பரணில் ஏற்றினார். அடுத்து வந்த இரண்டு வியாழனும் நன்று என்று காலண்டரில் எழுதிய பிறகுதான் சங்கக் கூட்டத்துக்குப் போனார்.

கூட்டம் வண்டி நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில். குழாயம்மா காலண்டரையும் பாட்டிலையும் செயலாளரின் மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது?"

"நட்டு குடுத்த அறிக்கை சார்."

பாட்டிலில் இருப்பது என்ன என்று புரிந்ததும் முதல் வரிசை நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எண்ணெயின் பெயரைச் சொன்னபோது மறுபடியும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டார்.

"கசிவு என் வீட்டுல இருந்திருக்கு. படிக்கட்டு அக்கா மேல பழி சொன்னது நான். அது தப்பு. அதை இங்க எல்லாரும் கேக்கணும்னுதான் வந்தேன்."

அந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. தண்ணீர் வீணானாலும் விளக்கு உடைந்தாலும் அது எப்போதும் வேறு யாரோ செய்ததாகத்தான் இருக்கும்.

"சரிம்மா, நாய் தேறிடுச்சில்ல, சந்தோஷம். அடுத்து, மோட்டார் ரூம் பூட்டு..." என்று செயலாளர் தாளைப் புரட்டினார்.

"இது இன்னும் முடியல சார். அக்காவை வரச் சொல்லணும்."

"நாய்க்காக மட்டும் நிறுத்தலம்மா. அந்தப் பொம்பளைக்குப் பேச்சு கொஞ்சம் அதிகம்."

"என்ன பேசினாங்க?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்க சார். அதையும் இந்தக் காலண்டர்ல எழுதிக்கிறேன்."

அப்போது மூன்றாவது மாடிப் பெரியவர் எழுந்தார். "நான் தினமும் நாலு பிஸ்கட் போட்டேன். மாசக் கணக்கா. என்னை ஏன் யாரும் கட்டடத்தை விட்டுப் போகச் சொல்லல?"

"நாங்க மீன் தலை போட்டோம்" என்றார் முதலாம் மாடிப் பெண். எதிர்வீட்டுப் பெண் இனிப்பை ஒத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஐஸ்கிரீம் என்று ஒரு குரல் வந்தது. குழாயம்மாவின் பட்டியலிலேயே இல்லாத வால்வு அது. செயலாளரின் மனைவி மெதுவாக, "நேத்து மிஞ்சின பரோட்டாவை நாமளும் போட்டோமேங்க" என்றார்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, சரி. வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்புறேன்."

"போகச் சொல்றதுக்கு வாட்ச்மேன் போதும்னு நெனச்சீங்க. வரச் சொல்றதுக்கு நீங்கதான் போகணும். நானும் வரேன், என் பங்குக்கு நானும் மன்னிப்புக் கேக்கணும்."

போனார்கள். அக்கா வாசற்படியில் நின்றே பேசினார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. குழாயம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். நீலம் என்றதும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு செயலாளரிடம் திரும்பினார்.

"என்ன தப்புக்காக என்னை நிறுத்தினீங்க சார்?"

"தப்புன்னு... ஒண்ணும் இல்லம்மா."

"இதை உங்க வாயால கேக்கணும்னுதான் இருந்தேன்." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "வரேன். ஆனா ஆறு மணிக்கு இல்ல, ஏழு மணிக்கு. பின்பக்கப் படியில விளக்கு எரியல. இருட்டுல துடைச்சு ரெண்டு தடவை விழுந்திருக்கேன். விளக்குப் போட்டப்புறம் ஆறு மணியைப் பத்திப் பேசலாம்."

செயலாளர் உதவிக்குக் குழாயம்மாவைப் பார்த்தார். குழாயம்மா அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தளத்துக் குழாய் மொத்தத்தையும் பூட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்ட அன்று தன் முகம் எப்படி இருந்திருக்குமோ, அக்காவின் முகம் இப்போது அப்படி இருந்தது.

"ஏழுன்னா ஏழு" என்றார் செயலாளர்.

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய குழாயம்மா, முன்வாசல் படியில் கால் வைக்கப் போனார். மேலே இருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஈரம் காயல. பின்பக்கமா சுத்திப் போங்க."

குழாயம்மா காலை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார்.